குன்றின்மேல் கூப்பாடு

பயான்ஹோங்கோர் பக்கத்துச் சிற்றூர், மங்கோலியா
நவம்பர், ஒரு வியாழக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஒக்பூனுக்கு, உன் அண்ணன் மூப்பர் பியோ கீசொக் மிகுந்த ஜெபத்தோடும் இரண்டு ஜோடிக் காலுறைகளோடும் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நம் ஊர் குன்சானில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சுகம் என்று எழுதுவது மரியாதை, எழுதியாகிவிட்டது. இனி உண்மைக்கு வருகிறேன். நன்றியறிதல் ஞாயிறன்று சபையில் வாசிப்பதற்காக, 'ஊழியக் களத்தில் நான் கண்ட மனரம்மியம்' என்று ஒரு சாட்சி எழுதி அனுப்பும்படி நம் போதகர் கேட்டிருக்கிறார். நானும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், பேனா மசி உறைந்ததுதான் மிச்சம். ஒக்பூனே, பவுல் அப்போஸ்தலன் சிறைக்குள் இருந்துகொண்டு கண்டுபிடித்த அந்த மனநிறைவு, அந்த மனரம்மியம், எனக்கு இந்த வெட்டவெளியில் கிடைக்கவில்லை. ஆகையால் நீ மிஷன் கமிட்டித் தலைவராகிய உன் வீட்டுக்காரரிடம் அவர் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்துப் பேசி, வசந்தத்துக்குப் போட்டிருக்கும் என் திரும்பும் டிக்கெட்டைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாற்றச் சொல்லு. காரணம் கேட்டால் என் இடுப்பைச் சொல்லு. நிஜக் காரணத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் வந்த கதை உனக்குத் தெரியும். இங்கிருந்த மிஷனரி, மா என்பவர், மூட்டு அறுவைக்காக ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது, குளிர்காலம் முடியும்வரை ஜெபவீட்டைப் பார்த்துக்கொள்ள யார் போகிறீர்கள் என்று போதகர் கேட்டார், மற்ற மூப்பர்களும் கையைத் தூக்குவார்கள் என்று நம்பி நானும் தூக்கினேன், திரும்பிப் பார்த்தால் தூக்கியது நான் ஒருவன்தான். வரும் வழியில் நீ கட்டிக்கொடுத்த கிம்ச்சி ஊறுகாய் டப்பா பஸ் சூட்டில் உப்பி வெடித்து நாறியது. ஓட்டுநர் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் பனியில் இறக்கி, எந்த மூட்டைக்குள் என்ன மிருகம் செத்துக் கிடக்கிறது என்று தேடினார். நானும் கூடவே சேர்ந்து தேடினேன். வந்து சேர்ந்த அன்று ஒரு வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டால்தான் வீட்டுக்காரிக்கு மரியாதை என்று நான் காலி செய்ய, காலிக் கிண்ணம் என்றால் இன்னும் பசி என்று அவர்கள் நிரப்ப, இரண்டு நல்ல மனசுகளுக்கு நடுவில் என் வயிறு மாட்டிக்கொண்டது. இதெல்லாம் போகட்டும். பெட்டியைக் கட்டும்போதே எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது பேச்சில்லாமை. என் வேலை, அடுப்பில் வறட்டி போட்டு ஜெபவீட்டைச் சூடாக வைப்பது, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறப்பது, மா மிஷனரி பதிவுசெய்து வைத்த பிரசங்கத்தைப் போடுவது. ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள், பாடுவார்கள், என் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். நம் நாட்டுப் புசானில் படித்து நம் பாஷை கற்ற உயங்கா என்ற பள்ளிக்கூட டீச்சர் அன்றைக்கு மட்டும் வந்து மொழிபெயர்ப்பாள். மற்ற நாளெல்லாம் நானும் அடுப்பும்தான். ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டினவன் நான், 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்ற பலகையைத் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எவனாவது வாயைத் திறந்தால் அந்தப் பலகையை விரலால் காட்டினவன். இன்றைக்கு யாராவது வந்து இந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டால் கட்டிப்பிடித்துக் கொள்வேன் போலிருக்கிறது. தனிமை தாங்கவில்லை, ஒக்பூனே. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இனிதான் விஷயம். நம் சபை வழக்கப்படி அதிகாலை ஜெபத்தை நான் இங்கேயும் விடவில்லை. அங்கே நாம் எல்லோரும் ஒன்றாக மூன்று தரம் 'கர்த்தாவே!' என்று கூரை அதிரக் கூப்பிட்டு, ஆளாளுக்கு வாய்விட்டு அழுது ஜெபிக்கும்போது, யார் சத்தம் யாருடையது என்று தெரியாது. இங்கே கூப்பிட்டால் என் சத்தம் மட்டும் தனியாகப் போய்ச் சுவரில் மோதித் தனியாகவே திரும்பி வந்தது. அதைக் கேட்கப் பயமாக இருந்ததால், ஜெபவீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறி அங்கிருந்து கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு நாள் கண்ணைத் திறந்தால், அடிவாரத்துக் கம்பளிக் கூடாரத்தில் குடியிருக்கும் தொல்கோர் அக்கா பிளாஸ்கும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், தனிக்கட்டை, ஆடு மேய்க்கிறவர். நான் முடித்ததும் உப்புப் போட்ட பால் தேநீரை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். ஆத்துமா ஒன்று அறுவடைக்கு வந்துவிட்டதென்று நான் ஆனந்தக் கண்ணீர் விட்டுக் கமிட்டிக்கு எழுதினேன். நீங்களும் அதைப் பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்துக் கை தட்டினீர்களாம்.

போன ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் தொல்கோர் அக்கா ஜெபவீட்டு வாசலில் வந்து நின்றார். ஞானஸ்நானம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் துண்டைக்கூட எடுத்துவிட்டேன். அவர் நேராக உயங்காவிடம் போனார்.

"இந்தத் தம்பி வீட்டுல யாரு செத்தா? கேட்டுச் சொல்லு."

"யாரும் சாகலையே," என்றேன்.

"அப்ப ஆடு எத்தன போச்சு? ஓநாயா, பனியா?"

"எனக்கு ஆடே கிடையாதும்மா!"

"ஆளும் போகல, ஆடும் போகல. அப்புறம் எதுக்கு விடிஞ்சும் விடியாம குன்று மேல ஏறி ஒப்பாரி?"

"ஒப்பாரி இல்ல, ஜெபம்."

"என்ன வேணுமாம்?"

"எது இருந்தாலும் இல்லைன்னாலும் மனசு நிறைவா இருக்கணும். அதத்தான் கேக்குறேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிறைஞ்ச மாதிரித் தெரியலையே. பொண்டாட்டி இருக்காளா?"

உன் அண்ணி போய் நாலு வருஷம் ஆகிறது என்று சொன்னேன்.

"அதான பாத்தேன். ஆடு செத்தவன் இத்தன நாள் அழமாட்டான்."

"நான் அவளுக்காக அழலைன்னு சொல்லும்மா, உயங்கா."

"ஐயா, அத நான் கண்டிப்பா மொழிபெயர்க்கணுமா?" என்றாள் அந்தப் பெண். நான் எடுத்த துண்டை மறுபடி மடித்து வைத்தேன்.

அக்கா விடவில்லை. "ஏன் இந்தக் கத்து கத்துற?"

"எங்க ஊர்ல ஆயிரம் பேரு சேர்ந்து கூப்பிடுவோம். அதே பழக்கம்."

"இங்க நீ ஒருத்தன்தான தம்பி. மெதுவாச் சொல்லு, கேக்கும். அழுறவன ஒத்தையில விடக்கூடாதுன்னுதான் நான் வந்து உக்காந்தேன். மத்தபடி அந்த நேரத்துல எனக்கு நூறு வேலை கிடக்கு."

ஆக, கமிட்டியார் கை தட்டின ஆத்துமா துக்கம் கேட்க வந்த ஆத்துமா. இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வாயோ, உன் சாமர்த்தியம்.

திங்கட்கிழமை, அக்கா சொன்னபடியே மெதுவாக ஜெபித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. சத்தம் இல்லாததால், தம்பிக்குத் துக்கம் ஆறிவிட்டது என்று நினைத்துத் தன் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். செவ்வாயும் அப்படியே. ஜெபம் சுத்தமாக இருந்தது, குன்று வெறிச்சென்று இருந்தது. புதன்கிழமை நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. ஆண்டவரிடம் கேட்க அன்றைக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை, ஒக்பூனே. ஆனாலும் குன்றில் ஏறி, அடிவாரத்துக் கூடாரம் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்று, மூன்று தரம் தொண்டை கிழியக் கூப்பிட்டேன், அழாமலே அழுதேன். அக்கா மூச்சு வாங்க ஏறி வந்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் குடித்தேன்.

சபையில் கை வைத்து அபிஷேகம் பண்ணப்பட்ட மூப்பர், ஒரு கிண்ணம் தேநீருக்காக ஆண்டவருடைய நாமத்தைப் பொய்யாகக் கூப்பிட்டிருக்கிறேன். இப்படிப்பட்டவன் மனரம்மியத்தைப் பற்றிச் சாட்சி எழுதினால் காகிதமே தீப்பிடிக்கும். என்னை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற கொஞ்ச மானத்தோடு வந்துவிடுகிறேன்.

உன் அடுப்பு அணையாமலும், மாப்பிள்ளையின் கோபம் மூளாமலும், பிள்ளைகள் தூங்கி விழாமல் படிக்கவும் பரலோகத் தகப்பன் பார்த்துக்கொள்வாராக. போதகருக்கும், சபைச் சமையல்கட்டுச் சகோதரிகளுக்கும், என் பக்கத்து இருக்கையில் பிரசங்கம் முழுக்கக் குறட்டை விடும் மூப்பர் நாமுக்கும் என் ஸ்தோத்திரம்.

கிறிஸ்துவுக்குள் உன் அண்ணன்,
பியோ கீசொக்

பின்குறிப்பு: டிக்கெட் விஷயத்தை மாப்பிள்ளையிடம் எடுக்காதே. எடுத்துவிட்டிருந்தால், அண்ணனுக்கு இடுப்பு சரியாகிவிட்டது என்று சொல்லிச் சமாளி. மேலே உள்ளதை எழுதி ஒட்டிவிட்டுத்தான் நேற்றுப் படுத்தேன், இன்று காலை உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். புதன்கிழமை செய்த பாவத்துக்கு வெட்கப்பட்டு, நேற்றும் இன்றும் நான் குன்றுக்குப் போகவில்லை. போர்வைக்குள்ளேயே கிடந்தேன். விடிகிற நேரத்தில் குன்றின் மேலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. நம் பாஷையில், 'கர்த்தாவே!' என்று. எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி ஒரு தரம். மறுபடி ஒரு தரம். தொல்கோர் அக்காவின் குரல். அந்த வார்த்தைக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது. தனியாக இருக்கிறவர்கள் பக்கத்து ஆளைக் கூப்பிட நம் ஊரில் இப்படித்தான் கத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் காலுறையோடு எழுந்து, பார்லித் தேநீரைச் சுட வைத்து, கிண்ணம் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.