ஒன்றரை அங்குல அற்புதம்

பாலையூற்றுச் சந்தியில் அந்தக் கிழமை சைக்கிள் சாத்தி வைக்கக்கூட இடமில்லை. நகரத்திலிருந்து ஒரு கூட்டம், கிண்ணியாவிலிருந்து துறை கடந்து ஒரு கூட்டம், சீனன்குடாவில் வேலை முடிந்து எண்ணெய்ச் சட்டையோடு அப்படியே ஒரு கூட்டம். எல்லோரும் போனது நீட்டுக்கை அடிகளின் கொட்டகைக்கு. கட்டைக் கால்களை இழுத்து நீட்டிவிடுகிற மகான் அவர். "மருந்தில்லை, கத்தியில்லை, மூன்றே நிமிடம்!" என்று ஒலிபெருக்கி விடிந்ததும் தொடங்கிவிடும். சேவல்கள் கூவுவதை விட்டுவிட்டன.

அடிகளின் கழுத்தில் உருத்திராக்கம், சிலுவை, தஸ்பீஹ் மணிமாலை மூன்றும் சேர்ந்தே தொங்கின. எந்தச் சமயத்தவரையும் தப்பவிடக் கூடாது என்ற பரந்த மனசு. கட்டணம் வாங்கமாட்டார். எண்ணெய்ப் போத்தல் மட்டும் விற்பார். போத்தல் வாங்காதவரின் காலைத் தொடமாட்டார். குணமானவர்கள் ஊன்றுகோலையும் அடி உயர்த்திய சப்பாத்தையும் மேடையிலேயே விட்டுப்போக வேண்டும். இந்த ஊரில் அது நம்பிக்கைக்கு அடையாளம். அடுத்த ஊரில் அது விளம்பரம்.

அந்தக் குவியலில் ஒரு சப்பாத்து ஹெக்டருடையது. இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனும் அவன்தான். முட்டாளின் பெயரை மறைத்துச் சொல்லலாமே என்று கேட்டால், "மறைச்சால் கதையில ஆள் இல்லாமல் போயிடும்" என்பான்.

ஹெக்டர் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு வர்ணம் பூசுகிறவன். ஐந்து வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலை ஒன்றரை அங்குலம் கட்டையாக்கிவிட்டுப் போனது. ஆனாலும் துறைமுக உதைபந்து அணியில் மூலை உதை என்றால் அவன்தான். கரையொதுங்கிய வலைத் தக்கை ஒன்றை எடுத்து, வெட்டி, இடது சப்பாத்துக்குள் வைத்துப் பார்த்தான். முழு உயரத்துக்கு வைத்தால் பந்து நேரே போனது. கொஞ்சம் குறைத்து வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சரிந்து பந்து வளைந்தது. சீவுவான், உதைப்பான், கொப்பியில் குறிப்பான், மறுபடி சீவுவான். மூன்று வருடம் அப்படி. கடைசியில் அவன் உதைத்த பந்து கோல்காரனை ஏமாற்றிவிட்டுத் தானே வலைக்குள் போய் விழப் பழகிக்கொண்டது.

இவ்வளவு அறிவாளி, மாவட்ட அணித் தெரிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொட்டகைக்குப் போனான். தக்கையோடு இப்படி என்றால் இரண்டு காலும் சரியானால் எப்படி என்று ஆசை. ஆசைக்கு எந்தக் கால் கட்டை?

அடிகள் அவனை மேடைக் கதிரையில் இருத்தினார். கதிரை ஆடியது. சீடன் ஓடிவந்து கட்டைக் கதிரைக்காலுக்குக் கீழே ஒரு காகித மட்டையை மடித்துச் செருகினான். ஹெக்டர் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

அடிகள் இரண்டு குதிகளையும் கையில் ஏந்தினார். "பாருங்கள், எவ்வளவு குறை!" கூட்டம் உச்சுக் கொட்டியது. கண்ணை மூடினார், முணுமுணுத்தார், மெல்ல இழுத்தார். "இப்போது?" இரண்டு குதியும் சமம். அற்புதம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருக்கிற திரேசம்மா குலவை இட்டாள். ஹெக்டர் அழுதுவிட்டான். அந்த அழுகையில் பொய்யில்லை. ஐந்து வயதிலிருந்து அடக்கிவைத்த அழுகை அது.

சப்பாத்தைக் குவியலில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். வழியில் நொண்டினான். புதுக் கால் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"மக்டலின், களிசானில இடப்பக்க மடிப்பைப் பிரிச்சுவிடும். இனி ரெண்டு காலும் ஒரே அளவு."

அவனுடைய ஒவ்வொரு களிசானின் இடது காலையும் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைப்பவள் மனைவி மக்டலின். பிரித்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தான். இடது பக்கத் துணி நிலத்தைக் கூட்டியது.

"இஞ்சேருங்கோ, நிலத்தில இழுபடுதே."

"துணி இழுபட்டுப் போச்சு."

"ஒரு கால் துணி மட்டுமோ?"

"மலிஞ்ச துணி அப்பிடித்தான்."

"அளவு நாடா கிடக்கு. ஒருக்கா அளந்து பாப்பமே?"

"அளக்கிறது அவநம்பிக்கை!" என்று ஹெக்டர் சத்தம் போட்டான். தக்கையை மயிரிழை மயிரிழையாக அளந்த மூன்று வருடத்துக்காரன், மூன்று நிமிடத்து அற்புதத்தை அளக்கப் பயந்தான். உள்ளுக்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

சனிக்கிழமை தெரிவுப் போட்டி. இரவல் சப்பாத்து, தக்கை இல்லை. முதல் மூலை உதையில் பந்து கடலுக்குப் போனது. இரண்டாவதில் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்க, ஹெக்டர் போனான். மல்லாந்து விழுந்தவனைப் பார்த்து மைதானமே சிரித்தது. தெரிவாளர் சோமசேகரம் நல்ல மனிதர். "வாற சனி இன்னொரு ஆட்டம் இருக்கு. அதுதான் கடைசி. பழைய ஹெக்டரைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

பழைய ஹெக்டர் குவியலில் கிடந்தான். கேட்கப் போனால் அடிகள் கையை விரித்தார். "கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் கால் இன்னும் சுருங்கும், மகனே. நம்பிக்கை போதவில்லை. இன்னொரு போத்தல் வாங்கு." ஹெக்டர் வாங்கினான். சுருங்கிவிடுமோ என்ற பயத்தில் இரண்டாகவே வாங்கினான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் பூசை, அதோடு குவியல் லொறியேறி மட்டக்களப்புக்குப் போகும் என்று சீடன் சொன்னான். புதுத் தக்கை சீவலாம். மூன்று வருடம் யார் தருவார்?

தேநீர்க் கடையில் தலையில் கைவைத்து இருந்தவனுக்குப் பக்கத்தில் ஊருக்கே அண்ணன் முறையான ஜமால்தீன் நானா வந்து இருந்தார். துறைமுகத்தில் பாரம் விழுந்து முழங்காலுக்குக் கீழே வலது காலைக் கொடுத்தவர். அதற்குப் பிறகுதான் பாட்டு மேடை ஏறினார். கல்யாண வீடுகளில் சிரிக்கவைக்கும் பகிடிப் பாட்டுப் பாடுவார். மரக்காலால் பலகையில் தட்டித் தானே தாளம் போடுவார். ரெண்டு காலோடு பாடியிருந்தால் ஒரு நாயும் கேட்டிராது என்பது அவருடைய கணிப்பு. களிசானும் சப்பாத்தும் போட்டுவிட்டால் வெளியூரார் கண்டுபிடிக்க ஏலாது. உள்ளூரில் தெரியாத ஆள் இல்லை.

முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"தம்பி, அவர் உங்கட காலை இழுக்கேக்க நேராப் பிடிச்சவரா, ஒரு பக்கம் சரிச்சவரா?"

"கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனான், நானா."

"அவர் மூடினா நீங்களும் மூடுறதா? சரி. எனக்கும் ஒரு போத்தல் வேணும். உங்கட்ட ரெண்டு இருக்குதானே?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஜமால்தீன் நானா வெள்ளைக் களிசான், பளபளக்கும் சப்பாத்து, கையில் எண்ணெய்ப் போத்தலோடு நொண்டி நொண்டி மேடை ஏறினார். கூட்டம் ஒருகணம் திகைத்தது. பிறகு அங்கங்கே வாயைப் பொத்திக்கொண்டது. அடிகளுக்கு அது பக்தியாகத் தெரிந்தது.

"எந்தக் கால், பெரியவரே?"

"வலது கால், சாமி. பதினஞ்சு வருசமா உணர்ச்சியே இல்ல."

அடிகள் குதிகளை ஏந்தினார். "ஓர் அங்குலம் குறை. நரம்பு சுருண்டிருக்கிறது." பின்வரிசையில் யாரோ விக்கினார்கள். அடிகள் கண்ணை மூடினார். ஹெக்டர் இந்த முறை மூடவில்லை. மேடையோரம் குந்தியிருந்து கண்ணை விரித்துப் பார்த்தான். கால்கள் முதலில் இடப்பக்கம் சரிந்திருந்தன. வலது கால் கட்டையாகத் தெரிந்தது. முணுமுணுப்போடு மெல்ல வலப்பக்கம் நகர்ந்தன. வலது கால் நீண்டது. அவ்வளவுதான் அற்புதம். நடுவில் ஓர் எண்ணெய்ப் போத்தல்.

"இரத்தம் பாய்கிறது! சூடு தெரிகிறது!" என்று அடிகள் முழங்கினார். "நீண்டுவிட்டது!"

"உண்மையாவா சாமி? எவ்வளவு?"

"முழுதாக ஓர் அங்குலம்!"

ஜமால்தீன் நானா களிசானைச் சுருட்டினார், வாரை அவிழ்த்தார், காலைக் கழற்றி அடிகளின் கையில் கொடுத்தார்.

"முதிரை மரம், சாமி. இன்னும் கொஞ்சம் நீட்டித் தந்தா ஒரு வள்ளம் கட்டலாம்."

சிரிப்பில் கொட்டகையின் கிடுகுக் கூரை பறந்திருக்கும். அடிகளோ அனுபவசாலி. மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "மரத்திலும் உயிர் உண்டு! நம்பிக்கை இருந்தால் மரமும் நீளும்!"

சிரிப்பு நின்றது. நம்பமாட்டீர்கள், சில தலைகள் ஆமென்று ஆடத் தொடங்கின. அப்போதுதான் ஹெக்டரின் கண் கதிரைக்குக் கீழே போனது. ஒரு கிழமைக்கு முன் பார்த்த அதே மட்டை.

மேடையில் ஏறி மட்டையை உருவினான். நானாவோடு சேர்ந்து கதிரை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அப்ப இந்தக் கதிரைக் காலையும் ஒருக்கா நீட்டிவிடுங்கோ, சாமி. இதுவும் மரம்தான். ஒரு கிழமையா உங்களோட நிக்குது. ஊர் முழுக்க நீட்டின நீங்கள் இதுக்கு மட்டும் ஏன் மட்டை வைச்சனீங்கள்?"

அடிகள் கதிரையைப் பார்த்தார். கதிரை வளரவில்லை. நானா ஒற்றைக் காலில் எழும்பி ஹெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஹெக்டர் சீடனையே கதிரையில் இருத்தி, குதிகளை ஏந்தி, இடமும் வலமும் சரித்துக் காட்டினான். சீடனின் கால் நீண்டது, குறைந்தது, மறுபடி நீண்டது. முணுமுணுப்பு இல்லை, எண்ணெய் இல்லை. சனம் மேடைக்குப் பாய்ந்து தன் தன் ஊன்றுகோலைத் தேடியது. ஹெக்டருக்குத் தக்கையோடு சப்பாத்துக் கிடைத்தது. அந்த நெரிசலில் அடிகள் லொறிக்குள் பாய்ந்த வேகத்தைப் பார்த்திருந்தால் சோமசேகரம் மாவட்ட அணிக்கு எடுத்திருப்பார். முதிரைக் காலை மட்டும் விட்டுவிட்டுப் போனார். மூன்று மாலையும் கழுத்தோடு போயின.

சனிக்கிழமை காலை மக்டலின் களிசானின் இடது காலை மறுபடி மடித்துத் தைத்தாள். அளவு நாடாவை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் ஹெக்டருக்கு இலேசாக இருந்திருக்கும். பின்னேரம், தக்கை வைத்த சப்பாத்தோடு அவன் உதைத்த முதல் பந்து கடற்காற்றில் வெளியே போவதுபோலப் போய், மனம் மாறி வளைந்து, வலைக்குள் விழுந்தது. சோமசேகரம் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

மைதானத்து வாசலில் திரேசம்மா மூச்சுவாங்க வந்து கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி ஹெக்டர், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இது எந்தச் சாமியின்ர வேலை?"

ஹெக்டர் சப்பாத்தைக் கழற்றித் தக்கையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தச் சாமிதான், அக்கா. கால் கட்டையெண்டால் இதை வைச்சு ஓடலாம். போன கிழமை எனக்குக் கட்டையாப் போனது தலை. அதுக்கு வைக்கிற தக்கை ஒரு கரையிலயும் ஒதுங்காது. அவரவர்தான் யோசிச்சு யோசிச்சுச் சீவ வேணும்."