உனக்கு என்ன வேணும், தாயி?

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வார்த்தை முன்பின்னாக வரும், பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். பட்ட வெட்கம் மட்டும் மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்த காலம். குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து எடுக்க ஆளில்லாமல், இடுப்பளவு நின்ற செடியெல்லாம் தலைக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டது. பகலிலேயே அதற்குள் போக எல்லாருக்கும் பயம்.

எங்கள் வீட்டுக்காரர், "திருப்பூருக்குப் போறோம் புள்ள. பனியன் கம்பெனில வேலை இருக்குது. சாமானக் கட்டு" என்றார். தலையாட்டினேன். (எதற்கும் தலையாட்டுவேன். கல்யாணத்துக்கும் அப்படித்தான்.) ஆனால் தூக்கம் போய்விட்டது. போக ஆசையா, இருக்க ஆசையா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் சமயம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்து, வேலையில்லாமல் கலங்கிக் கிடந்த பெண்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தார். "கண்ண மூடிக்குங்க. 'நான் யாரு'ன்னு உள்ளுக்குள்ள கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் அசையாதீங்க."

மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுச் சோறாக்கப் போனார்கள். நான் ஒருத்திதான் பதில் வாங்கக் கிளம்பினேன். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் ஏது தனிமை? வளர்ந்த தேயிலைக்குள் புகுந்து, சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

பனிமூட்டம் இறங்கியது. நான் யார், நான் யார் என்று கேட்டேன். முதலில் என் பேர் வந்தது. வீட்டுக்காரர் பேர் வந்தது. எஸ்டேட் சம்பளப் பேரேட்டில் எனக்குப் போட்ட செக்ரோல் நம்பர் வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. குளிர் தெரியவில்லை, கை கால் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்பது போலிருந்தது. அவள் மூச்சுகூடக் கேட்டது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்படி ஒரு நிம்மதி.

விறகு பொறுக்க வந்த பக்கத்து வீட்டுச் சரசு என்னைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் அலறிக்கொண்டு ஓடினாள். "அண்ணா, அக்காவ என்னமோ புடிச்சிருச்சுங்க!"

கண்ணைத் திறந்தால் லைனே திரண்டு நிற்கிறது. எங்கள் கோயில் பூசாரி மாமா கையில் தேயிலைக் கொத்து. (இந்தக் குளிரில் வேம்பு ஏது? விலை போகாத இலைக்கு அந்த வேலையாவது கிடைத்தது.) முகத்தில் ஓர் அடி போட்டு, "யாரு நீ? சொல்லு!" என்றார்.

அதைத்தானே நானும் இவ்வளவு நேரம் கேட்டேன்? "தெரியலீங்க மாமா" என்றேன்.

"பாத்தீங்களா, அழுத்தக்காரி! சொல்ல மாட்டேங்கறா." இன்னும் ரெண்டு அடி. பிறகு குரலை இறக்கி, "செரி தாயி, உனக்கு என்ன வேணும்? கோழியா, சேலையா? வாயத் தொறந்து கேளு" என்றார்.

உனக்கு என்ன வேணும் என்று அதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

"திருப்பூருக்கு வர மாட்டேன்."

என் குரலே இல்லை. தடித்த, அடங்காத குரல். சரசு என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவரோ கையெடுத்துக் கும்பிட்டு, "போகலீங்க தாயி, போகவே இல்லீங்க" என்றார். (என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.)

போகவில்லை. பக்கத்து ஊரான கேத்தியில் கேரட் பிடுங்கிப் பிழைத்துக்கொண்டோம். அரைவயிறுதான், ஆனாலும் படுத்ததும் தூக்கம் வந்தது. இன்றைக்கும் நான் எதற்காவது தலையாட்டினால் என் மகள் நம்புவதில்லை. "இரும்மா, உள்ள இருக்கறவளுக்கும் சம்மதமான்னு கேட்டுக்கலாம்" என்று தேயிலைக் கொத்து ஒடிக்கப் போவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்கு நினைவிருப்பது நான் பேசிய அந்த ஒரு பேச்சுதான். சரசுவோ, அதற்கப்புறமும் பொழுது சாயும் வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன் என்கிறாள். என்ன பேசினேன் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். அவளுக்கும் வயசாகிறது. யாராவது அவளிடம் கேட்டு, இதில் விட்டுப்போனதைச் சரிபார்த்து எழுதி வையுங்கள். எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.