குப்புறக் கிடந்த கௌரவம்

தங்கதுரை தன் ஆபீஸ் அறைத் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்கி அண்ணாந்து பார்த்தபோது எதிரே இரண்டு கால்கள் நின்றன. கால்களுக்கு மேலே, வெகு உயரத்தில், டெய்லர் கான்ட்ராக்டர் ஜெயபாண்டியின் திகைத்த முகம் இருந்தது.

"மொதலாளி, என்ன காரியம் பண்றீங்க. எந்திரிங்க மொதலாளி."

தங்கதுரை எழவில்லை. சட்டென்று எழ முடிகிறவராக இருந்தால் அவர் படுத்திருக்கவே மாட்டார்.

"ஊர்த் திருவிழாவுக்கு எல்லாப் பயலும் கெளம்புறோம்னு நேத்து நான் சொன்னது தப்புதான். அதுக்காக என் கால்ல விழுகலாமா நீங்க? ஒரு பய போக மாட்டான். இது மதுரைக்காரன் வாக்கு." ஜெயபாண்டி தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு லாபத்தைப் பார்த்திருப்பார். ஆனால் யார் காலிலும் விழாதவர் என்பது தங்கதுரை தன்னைப் பற்றித் தானே வெளியிட்டிருந்த செய்திகளில் தலையாயது. கல்யாண வீடுகளில் பெரியவர்களைக் கண்டால் லேசாகத் தலையசைப்பார். கோயிலில்கூட சாமியும் அவரும் நின்றபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவரைத் தரைக்குக் கொண்டுவந்தது ஒரு நரம்பு. போன மாதம் லோடு இறக்குகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன் பேர்வழி என்று, "தூக்கறதுன்னா இப்படித் தூக்கோணும்" என்று துணி ரோலைக் குனிந்து பிடித்தார். ரோல் நிமிர்ந்தது. அவர் நிமிரவில்லை. அன்று இடுப்பில் கிளம்பிய வலி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால்வரை கரண்டு கம்பியை இழுத்த மாதிரி போனது. சயாட்டிகா என்றார் டாக்டர். பிசியோதெரபிக்கு நாகஜோதி என்ற பெண்ணிடம் அனுப்பினார்.

"குனியாதீங்க சார். கனம் தூக்காதீங்க. ஒரேயடியா உக்காந்தும் இருக்காதீங்க, ஒரேயடியா படுத்தும் கெடக்காதீங்க. அப்பப்ப எந்திரிச்சுக் கொஞ்சம் நடங்க," என்றாள் நாகஜோதி. "தரையில குப்புறப் படுத்து, கையை ஊனி, நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கணும். காலுல இருக்கிற வலி இடுப்புக்கு ஏறுச்சுன்னா நல்லது. இடுப்புல இருந்து காலுக்கு எறங்குச்சுன்னா உடனே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும். கால் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் வந்தாலோ எனக்கும் போன் பண்ணக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். எந்தெந்த நேரத்துக்குச் செய்யணும்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுறேன்."

இதை நாலு பேரிடம் சொன்னால் தீர்ந்தது. சொல்ல முடியாது. செக்கிங் செக்‌ஷன் சின்னத்தாய் ஒரு நாள், "முதுகு வைக்கிற மாதிரி சேர் குடுத்தா நல்லாருக்கும்ங்கய்யா" என்று கேட்டதற்கு, வேலையை நிறுத்தி எல்லோரையும் கூட்டிவைத்துப் பேருரை நிகழ்த்தியவர் தங்கதுரை. 'இடுப்பு வலி என்பது சோம்பேறியின் வியாதி' என்ற அவருடைய பொன்மொழி, அவர் போட்டோவோடு இன்றும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது.

வீட்டில் இதைவிடப் பெரிய வலி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் அனுப்பிரியாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாய்மாமன் மகுடேஸ்வரன் இல்லாமல் எந்தச் சீரும் நடக்காது. ஆனால் மகுடேஸ்வரனும் தங்கதுரையும் பேசிப் பல வருடம் ஆகிறது. அனுப்பிரியா பெரியவளான சீரில், முன்வரிசை சோபாவில் உட்கார்ந்திருந்த மச்சானை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் பேங்க் மேனேஜரை உட்காரவைத்தார் தங்கதுரை. அன்று எழுந்த மகுடேஸ்வரன் பிறகு இவர் வீட்டில் எங்கேயும் உட்காரவில்லை.

"ஏனுங்க, என்ற அண்ணனைக் கூப்பிடப் போறீங்களா இல்லீங்களா?" என்று மயிலாள் தினமும் புருஷனைக் கேட்டாள்.

"அவன் வந்து என்ற கால்ல உழுகட்டும், பொறகு பாக்கலாம்."

"அண்ணனும் அட்சரம் மாறாம அதையேதான் சொல்லுதுங்க."

அனுப்பிரியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "மாமன் வரலீன்னா நான் மணவறைக்கு வர மாட்டேனுங்கப்பா. நீங்களே உக்காந்துக்குங்க."

உட்காருவதுதான் அப்பாவால் முடியாத காரியம் என்பதை அவள் அந்த வேகத்தில் மறந்துவிட்டாள்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து ஜெயபாண்டியை நிமிர்ந்து பார்த்த தங்கதுரை, தன் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார்.

"உன்ற கால்ல உழுகலப்பா. ஊசி தேடறேன். உடைஞ்ச ஊசி."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பனியன் கம்பெனியில் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாத சொல் அது. வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற துணி. மிஷினில் ஊசி உடைந்தால் அதன் கடைசித் துணுக்கு கிடைக்கிறவரை லைன் ஓடக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

ஜெயபாண்டியின் கண்ணீர் காய்ந்துவிட்டது. "மெயினை நிறுத்துங்கடா," என்று கத்திக்கொண்டே ஓடினார்.

சின்னத்தாய் கையில் காந்தத்தோடு வந்தாள். "முதலாளி ரூமுக்கு ஊசி எப்படிங்கய்யா வந்துச்சு?"

"சாம்பிள் பாத்தேன்."

"எந்த சாம்பிள்?"

"குழந்தைச் சட்டை."

"அந்தச் சட்டை எந்தப் பெட்டியில போச்சோ, அத்தனை பெட்டியும் பிரிச்சாகணும்ங்கய்யா."

ஒட்டி அடுக்கிய பெட்டிகள் பிரிந்தன. டெய்லர்கள், அவர்களுக்குத் துணி மடித்துக்கொடுக்கிற கைமடிக்காரர்கள், அயர்ன்காரர்கள் எல்லோரும் முட்டிபோட்டுத் தரையைத் தடவினார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்தவர்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே மற்றவர்களைவிட மும்முரமாகத் தேடினார்கள். வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனி மொத்தமும் தவழ்ந்துகொண்டிருக்க, முதலாளி ஒருவர் மட்டும் குனியக் கூடாது என்பதால் விறைப்பாக நடுவில் நின்றார். பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது.

மத்தியானம்வரை ஒரு பீஸ் வெளியே வரவில்லை. வேறு வழியில்லாமல் தங்கதுரை சொன்னார்: "ஊசியும் இல்லை, ஒண்ணும் இல்லை. போய் வேலையைப் பாருங்க."

சின்னத்தாய் நகரவில்லை. "அப்புறம் எதுக்குங்கய்யா குப்புறப் படுத்தீங்க?"

இடுப்பு வலி என்ற சொல் உதடுவரை வந்தது. அவள் தலைக்கு மேலே நோட்டீஸ் போர்டில் அவருடைய போட்டோ அவரையே பார்த்துச் சிரித்தது. விழுங்கிவிட்டார்.

"சாமி கும்பிட்டேன்."

"சாமி படம் உங்க காலுக்கு மேலல்லவா இருக்கு?"

"அது படம். நான் கும்பிட்டது சாமியை."

இந்தத் தத்துவத்தைக் கம்பெனி இலேசில் விட்டுவிடவில்லை. டீ குடிக்கப் பேக்கரிக்குப் போனவர்கள் முதலாளி எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடந்தார் என்று ஆராய்ந்தார்கள். கிழக்குப் பக்கம். கிழக்கே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனி. அதே பேக்கரியில் மகுடேஸ்வரனின் ஆட்களும் டீ குடித்தார்கள். பஜ்ஜி சட்டியிலிருந்து இறங்குவதற்குள் செய்தி வெந்துவிட்டது: தங்கதுரை தினமும் மச்சான் கம்பெனியைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்கிறாராம்.

சாயங்காலம் பனியன் முதலாளிகள் சங்கத் தலைவரே போன் செய்தார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. கோபத்தை உடறதுன்னா சும்மாவா."

தங்கதுரைக்கு இடுப்பு வலி காதுவரை ஏறியது. மறுநாள் காலை உடற்பயிற்சி நேரத்தில் ஒரு முடிவெடுத்துத் திரும்பிப் படுத்தார். தலை மேற்கே, கால் கிழக்கே. வதந்தி ஒழிந்தது என்று நிம்மதியாக நெஞ்சைத் தூக்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஜெயபாண்டி மூச்சிரைக்க வந்தார். "மொதலாளி, மச்சான் கம்பெனிக்கு நேரா வேணும்னே காலை நீட்டிப் படுக்கிறீங்கன்னு பேக்கரியில பேசிக்கிறாங்க. அவர் கொதிச்சுப்போய்க் கெடக்காராம். மத்தியானம் நேர்ல வர்றாராம்."

"ஆர் சொன்னது?"

"உங்க மச்சான் வீட்டம்மாவே சொல்லுச்சாம்."

மத்தியானம் மயிலாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். புருஷன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உன்ற அண்ணன் சண்டைக்கு வர்றானாமா. கல்யாணம் நின்னாலும் சரி, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடறேன்."

"பாருங்க. அதுக்கு முந்தி படுங்க. நேரமாச்சு."

"அவன் வர்ற நேரத்துல குப்புறப் படுக்கறதா? என்ன பேசற நீயி?"

"நரம்புக்கு மச்சானுந் தெரியாது, மாப்பிள்ளையுந் தெரியாதுங்க. டாக்டரம்மா நேரம் தவறக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. அவரு வந்து நிக்கறப்ப சுருக்குனு புடிச்சு, அவரு கண்ணு முன்னால நீங்க அய்யோன்னு கத்துனா நல்லாருக்குமா?"

அது நல்லா இருக்காது என்றுதான் தங்கதுரைக்கும் பட்டது. மயிலாள் பாயை விரித்தாள். கிழக்கும் வேண்டாம் மேற்கும் வேண்டாம் என்று கதவைப் பார்த்துத் தலை வருகிற மாதிரி விரித்தாள். அவர் முட்டியை ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே படுத்தார். நெஞ்சைத் தூக்கினார்.

கதவு திறந்தது.

வெள்ளை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக மகுடேஸ்வரன் நின்றார். மாடிப்படி ஏறிவந்ததில் முகமெல்லாம் வேர்வை. அவருக்குப் பின்னால் ஜெயபாண்டி, சின்னத்தாய், இன்னும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்த பாதிக் கம்பெனி. தன் காலடியில் கிடந்த தங்கதுரையை அவர் பார்த்தார். மீசை நடுங்கியது.

"மாப்ள," என்றார், குரல் உடைந்து.

பிறகு நடந்ததைத் தங்கதுரையே நம்பவில்லை. மகுடேஸ்வரன் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தார். ஒரு முட்டி மடிந்தது. அப்புறம் இன்னொரு முட்டி. இடுப்பு கொஞ்சமும் வளையாமல், கொடிமரத்தை இறக்குகிற பக்குவத்தில் அந்தப் பெரிய உடம்பு தரைக்கு வந்து குப்புறப் படுத்தது. இத்தனை மரியாதையாக ஒரு மனிதன் விழுந்து தங்கதுரை பார்த்ததில்லை.

இரண்டு மூக்குகளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. இரண்டு நெஞ்சுகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

"மாப்ள, மொதல்ல நீங்க எந்திரிங்க."

"ஆகாதுங்க மச்சான். நீங்க எந்திரிங்க மொதல்ல."

"நீங்க கெடக்கறப்ப நான் எப்படி எந்திரிக்கறது?"

"அதேதானுங்க எனக்கும்."

இரண்டு பேருமே எழவில்லை. அவர்களுடைய பணிவைக் கண்டு வாசலில் நின்ற கூட்டம் உருகியது. ஜெயபாண்டி வாய்விட்டே அழுதார்.

"அன்னைக்கு அந்த சோபாவுல…" என்று ஆரம்பித்தார் தங்கதுரை.

"அதை உடுங்க மாப்ள. சோபா ஒரு எடமா. இடுப்பைத்தான் கெடுக்கும்."

"சீரு…"

"நானில்லாம என்ற மருமவளுக்குக் கல்யாணமா? மொத மாலை என்றதுதான்."

மயிலாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய தோள்கள் குலுங்குவதைப் பார்த்துத் தங்கதுரைக்கே கண் கலங்கியது. பாவம், எத்தனை வருடத்து அழுகை.

நாலு பேர் தூக்கிவிட ஓடிவந்தார்கள். மயிலாள் பாய்ந்து தடுத்தாள். "இழுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுத்து, கையை ஊனி அவியளே எந்திரிக்கோணும். ரெண்டு பேருந்தான்."

கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டுகள் மண்டப வாசலிலிருந்து மணவறைவரை வரிசையில் நின்றன. அனுப்பிரியா மாமன் போட்ட மாலையோடு சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். முன்வரிசை சோபாவில் மகுடேஸ்வரனை உட்காரச் சொல்லித் தங்கதுரை கையைப் பிடித்து இழுத்தார். அவர் நிற்பதுதான் மரியாதை என்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். மச்சானின் இந்தத் திருந்திய குணம் தங்கதுரையை ரொம்பவும் கவர்ந்தது.

மறுவாரம் நாகஜோதியிடம் போனார். காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறியிருந்தது.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க சார். நேரம் தவறாமச் செஞ்சதோட பலன்," என்றாள் அவள்.

"வலியை உடும்மா. அதைவிடப் பெரிய பலன் ஒண்ணு கெடச்சுது." தங்கதுரை கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே குரலை உயர்த்தினார், பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருப்பவர்களும் கேட்கட்டும் என்று. "நான் பாட்டுக்கு எக்சர்சைஸ் பண்ணிட்டிருந்தேன். என்ற மச்சான், மகுடேஸ்வரன்னு, பெரிய மீசைக்காரன். நான் அவன் கால்ல உழுந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு, அவனே பொத்துனு என்ற முன்னால உழுந்துட்டான். கடைசியில ஆரு ஆரு கால்ல உழுந்தது? சொல்லு பாக்கலாம்."

நாகஜோதியின் கை அவர் முதுகில் அப்படியே நின்றது.

"அடடே," என்றாள். "உங்க வீட்டம்மாவும் மகுடேஸ்வரன் சார் வீட்டம்மாவும் ஒண்ணா வந்து, ரெண்டு பேருக்கும் இருக்கிறது ஒரே வலிதானே, எக்சர்சைஸ் நேரத்தையும் ஒண்ணாவே சொல்லிடுங்கன்னு கேட்டது இதுக்குத்தானா சார்?"