ரோஸ் கலர் பிரஷ்

குமரவேல் பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கி வைத்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பேஸ்ட் காய்ந்து ஓரம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. பிரஷ் கையில் இருந்தது, வாய் முகத்தில் இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த ஒரு முழத்தைத்தான் அவனால் கடக்க முடியவில்லை.

"ஒக்காந்துக்கினே தூங்கறியா?" என்று உள்ளேயிருந்து மனைவி இளவரசி குரல் கொடுத்தாள்.

"வெளக்கிட்டேன்" என்றான். சொல்லிவிட்டு பிரஷ்ஷைக் கழுவி வைத்தான். முப்பது நாளில் நாலாவது நாளும் போயிற்று.

முப்பது நாள் என்பது வில்லியனூர் பல் டாக்டரம்மா கொடுத்த கெடு. கீழ்வரிசை முன்பல் நாலையும் விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "காலையும் ராத்திரியும் ஒழுங்கா வெளக்கினா ஈறு இறுகிடும். முப்பது நாள் பாப்போம். அப்பவும் ஆடுச்சுன்னா நாலையும் எடுத்துடணும்."

பக்கத்தில் நர்ஸ் ரோஸ்லின் தட்டில் ஊசி, கொறடு எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். குமரவேலுக்கு அந்தத் தட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"ஏன் வெளக்கறதில்ல? மறந்துடுதா?"

"நல்லா ஞாபகம் இருக்குதுங்க. வெளக்கணும் வெளக்கணும்னு நாள் பூரா நெனச்சிக்கினுதான் இருப்பேன். ஆரம்பிக்கத்தான் முடியல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது சோம்பேறித்தனம் இல்லைங்க. சில பேருக்கு மூளை அப்படி. வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

அதுதான் நடக்காது. மதகடிப்பட்டு உரக்கடையில் யூரியா மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுகிறவன் அவன். கரும்புத் தோகையைப் பார்த்தே நோய் சொல்வான், மருந்தும் சொல்வான். மோட்டார் நல்ல மோட்டார்தான், ஸ்டார்ட்டர்தான் பிடிப்பதில்லை. ஒன்பது வயது மகள் தானாகப் பல் விளக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வீட்டில், அப்பனுக்கு அது வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே போனில் ஆறு மணிக்கு அலாரம் வைத்தான். அடித்தது, அணைத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஆறு அலாரம் வைத்தான். ஆறையும் கண்ணைத் திறக்காமல் அணைக்கிற சாமர்த்தியம் இரண்டே நாளில் கைக்கு வந்துவிட்டது. இளவரசிக்குத்தான் தூக்கம் கெட்டது.

"காலங்காத்தால யாருய்யா உனக்கு இத்தினி தடவ போன் பண்றது?" என்றாள்.

அலாரத்தை விட்டான். விளக்குகிற மனசு எந்த நேரமும் வரலாம், வரும்போது பிரஷ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடுத்த யோசனை. ஐந்து பிரஷ் உள்ள பாக்கெட் ஒன்றை வாங்கி, கடை மேஜையில் இரண்டு, சட்டைப்பையில் ஒன்று, சாப்பாட்டுப் பையில் ஒன்று, பைக் பெட்டியில் ஒன்று என்று வைத்தான். பெட்டியில் போட்டது ரோஸ் கலர். எல்லா இடத்திலும் பிரஷ் தயாராக இருந்தது. மனசுதான் எந்த இடத்துக்கும் வரவில்லை.

சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்ததைக் கடை முதலாளி கண்ணையன் பார்த்துவிட்டார்.

"இன்னா குமரவேலு, வூட்ல சண்டையா? வெளிய படுக்கிறியா?"

"அதெல்லாம் இல்ல மொதலாளி."

"அப்புறம் எதுக்கு பிரஷ்ஷத் தூக்கிக்கினு அலையற?"

உண்மையைச் சொல்லப் பயந்து, "அது வேற ஒருத்தருது" என்றான். இதைவிட மோசமான பதிலைத் தேடி அலைந்திருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருக்காது.

கண்ணையன் நல்ல மனிதர். ஆனால் வாய் கொஞ்சம் ஓட்டை. சாயங்காலத்துக்குள் சேதி குமரவேலின் ஊரான அரியூருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவன் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக இளவரசி வந்து பெட்டியைத் திறந்தாள். ரோஸ் கலர் பிரஷ்ஷை எடுத்து, அதன் நாரைக் கட்டைவிரலால் ஒரு தடவை வருடிப் பார்த்தாள்.

"இது யாருதுய்யா?"

"என்னுதுதான்."

"ஒன்னுதுதான் வூட்ல நிக்குதே. இது எந்த வூட்ல நிக்குது?"

குமரவேல் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருக்க அவனுக்கு வேறு காரணமும் இருந்தது.

மறுநாள் காலையிலேயே பாகூரிலிருந்து இளவரசியின் அண்ணன் ராஜ்மோகன் வந்து இறங்கினான். கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாப்ள, ஒரே கேள்வி. வேற பொம்பள இருக்குதா, இல்லியா?"

இல்லை என்றால் பிரஷ்ஷுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இருக்கிறது என்றால் அந்தக் கை மேஜையிலேயே இருக்காது. குமரவேலின் நாக்கு தானாகப் போய் ஆடுகிற பல்லைத் தொட்டுப் பார்த்தது.

"யோசிக்கிறாரு பாரு" என்றான் ராஜ்மோகன். "தங்கச்சி, இனிமே இந்தாளத் தனியா வுடாத. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி தூங்கற வரைக்கும் பக்கத்துலயே நில்லு."

அடுத்த நாள் ஆறு மணிக்கு அவன் குழாயடியில் உட்கார்ந்தபோது, இளவரசியும் தன் பிரஷ்ஷோடு வந்து எதிரே நின்றாள்.

"யார நெனச்சிக்கினு ஒக்காந்திருக்க? வெளக்கு."

கை மேலே போயிற்று. குமரவேல் யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தான். மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று அது பாட்டுக்கு வேலை செய்தது. இரவும் வந்து நின்றாள், இரவும் விளக்கினான். நாலைந்து நாளில் கொப்பளித்துத் துப்பும் தண்ணீரில் ரத்தம் நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு நம்பிக்கை வந்தது.

பதினெட்டாம் நாள் இளவரசி, "சரி, ஒன்ன நம்பறேன். நீயே வெளக்கிட்டு வா" என்று தோசை ஊற்றப் போய்விட்டாள்.

பேஸ்ட் மறுபடி காய்ந்தது. நாற்பது நிமிஷம். இத்தனை நாள் பெண்டாட்டி சந்தேகப்படுகிறாளே என்று பயந்தவன், இப்போது அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டதே என்று பயந்தான்.

அன்றைக்கே இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி பைக் பெட்டியில் போட்டு, மூடியைச் சரியாக மூடாமல் விட்டான். மறுநாள் ஆறு மணிக்கு இளவரசி குழாயடியில் நின்றாள்.

பூவின் வேகம் நாலு நாள் தாங்கியது. அப்புறம் உர விலைப்பட்டியலைப் போனில் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அதுவும் தணிந்தபோது, லாரி டிரைவர் பாக்யராஜின் நம்பரை 'தேவி' என்று போனில் மாற்றிப் பதிந்து வைத்தான். சோறு தின்னும் நேரத்தில் தேவி கூப்பிட்டாள். இளவரசி எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, பொட்டாஷ் முப்பது மூட்ட எறக்கியாச்சு" என்றது கரகரப்பான குரல்.

இளவரசி போனை மெதுவாகக் கீழே வைத்தாள். "கொரல மாத்திப் பேசறா, இல்ல?"

இருபத்தொன்பதாம் நாள் அவள் பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். "இதுக்கு மேல என்னால ஆவாது. காலையில நான் பாகூருக்குப் போறேன்."

நாலு பல்லுக்காகப் பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டோமே என்று அன்று முழுக்கக் குமரவேலுக்கு மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை அவள் பக்கத்தில் போய் நின்றான். பல் விளக்குவதைப் போலவே அதையும் ஆரம்பிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவன் விளக்கி முடிக்கிற வரைக்கும் இளவரசி பையைத் தோளில் மாட்டியபடியே எதிரில் நின்றாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவின் நாற்காலியில் தனியாகப் போய்ச் சாய்ந்தான். பக்கத்தில் அதே தட்டு. அவர் நாலு பல்லையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"ஆடலைங்க. ஈறு நல்லா இறுகிடுச்சு. எதையும் எடுக்க வேணாம்."

குமரவேல் பொலபொலவென்று அழுதுவிட்டான். "பல்லு இருந்து என்னாங்க பிரயோசனம்? பொண்டாட்டி பூட்டாங்க. இல்லாத ஒரு பொம்பளைய இருக்கறா இருக்கறான்னு நம்ப வச்சே தொரத்திட்டேன்."

டாக்டரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரோஸ்லின் போனைக் கையால் பொத்திக்கொண்டு கதவருகில் வந்து நின்றாள்.

"மேடம், இவரு வூட்டம்மா பாகூர்லேர்ந்து லைன்ல இருக்காங்க. நீங்க சொல்லிக் குடுத்தபடி அவங்களும் அவங்க அண்ணனும் சந்தேகப்படற மாதிரி நடிக்கறத இன்னியோட நிறுத்திக்கலாமா, இல்ல இன்னும் ஒரு மாசம் நடிக்கணுமான்னு கேக்கறாங்க."