கண்ட்ரோல் சாரும் ஐஸ் பெட்டி ரத்தமும்

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் கண்ட்ரோல் சாரைப் போல எதையும் நம்பாத மனிதர் கிடைக்க மாட்டார். டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வெந்நீரும் கேட்பார். வெந்நீரை முதலில் குடிப்பார்.

"தண்ணியே இனிச்சா, டீயை எப்படி பாய் நம்புறது?"

"எங்க கடை டீ தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னவங்க நெறைய பேரு. தண்ணி டீ மாதிரி இருக்கான்னு பாக்குற மொத ஆளு நீங்கதான் சார்!" என்பார் கடைக்கார பாய்.

வீட்டில் கொசுவத்தி ஏற்றினால், ஏற்றாத அறையில் அவரே போய் உட்கார்ந்து கடி வாங்குவார். வத்தி வேலை செய்கிறதா என்று வேறெப்படித் தெரியும்?

அவர் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவர். நான் உறுவையாற்றிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே குழாய் அடுக்குகிறவள். எனக்குப் புரியும்படி அவர் சொன்னது இதுதான்: நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களின் மேல் வகைக்கு வகை அடையாளம் உண்டு. ஒரு அடையாளத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றிக் கலந்தால், எந்த அணு எது என்று மிஷினில் மின்னிக் காட்டும். கூடவே, எதிலும் ஒட்டக் கூடாத ஆன்டிபாடியையும் அதே சாயத்தோடு தனிக் குழாயில் ஓட்ட வேண்டும். அதுதான் கண்ட்ரோல். அது மின்னினால் மற்ற எதையும் நம்பக் கூடாது.

போன வருஷம் பாகூர் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு மீனவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்கு ரத்தப் புற்றோ என்று ஊர் டாக்டருக்குச் சந்தேகம். காலையில் அந்த டாக்டர் எடுத்துக் கொடுத்த ரத்தமும் கையோடு வந்தது.

மிஷினில் எல்லா அணுக்களிலும் எல்லா அடையாளங்களும் ஒன்றாக மின்னின. இப்படிக் கலந்து மின்னினால் புற்றுதான் என்று டெக்னீஷியன் அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

"கன்ஃபார்ம் சார். ரிப்போர்ட் அடிச்சிடவா?"

"கண்ட்ரோல் எங்கம்மா?"

"இதுக்கெதுக்கு சார்? கண்ணுக்கே தெரியுதே!"

"கண்ணு கெடக்கட்டும். அத ஓட்டு."

ஓட்டினாள். அதுவும் பளபளவென்று மின்னியது.

சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார். "அண்ணே, ரத்தத்த எப்டி கொண்டாந்தீங்க?"

"இன்னா சார் இப்டி கேக்குற? வஞ்சிரம் கணக்கா, கீழயும் ஐஸு மேலயும் ஐஸு. கெடக் கூடாதுல்ல!"

"ஐயோ அண்ணே, உறைஞ்சு எல்லாம் செத்துப்போச்சு! செத்த அணுவுல எதப் போட்டாலும் ஒட்டும்!"

"செத்துப்போச்சா? எம் பொண்டாட்டி...?"

பெஞ்சிலிருந்து அந்த அம்மா நிமிர்ந்தாள். "நான் இங்கதான்யா இருக்கேன். என்னையும் ஐஸுலதான் கொண்டாந்திருப்பாரு சார், பெட்டி பத்தல!"

அங்கேயே புது ரத்தம் எடுத்தோம். இந்த முறை கண்ட்ரோல் வாயைத் திறக்கவில்லை. மற்ற அடையாளங்களும் இருக்க வேண்டிய அணுக்களில் மட்டும் இருந்தன. புற்று இல்லை, ஏதோ காய்ச்சல் செய்த கோளாறு.

சாரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மிஷினை அணைத்தார். மிஷின் அறைக் கதவை உள்ளிருந்தே சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு குழாயை ஓட்டாமல் விட்டிருந்தால் என்று நினைத்தாரோ என்னவோ, அழுதுகொண்டிருந்தார்.

டெக்னீஷியன் அம்மா அந்தப் பக்கமாக வந்தாள், பின்னால் இன்னும் இரண்டு பேர். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், கதவை மறித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்: "உள்ள மிஷின் ஓடுது. யாரும் போகாதீங்க."