சஹனில் ஆறாவது கை

நமது மட்டக்களப்பு வாவியில் மீன் இனங்கள் குறைந்துகொண்டு வருகின்றனவாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் யாரோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். செய்யட்டும். ஆனால் அதே வாவியின் கரையில் எந்தக் காலத்திலும் குறையாத ஓர் இனம் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் ஆராய்வதில்லை? அந்த இனத்தின் பெயர் 'நெருங்கினவர்'.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ஓர் அமைச்சரின் பெயரைச் சொன்னால், "அவனா? நம்மட ஆள்தான், நேத்தும் போன்ல கோல் எடுத்தானே" என்பார், கிரிக்கெட்காரர் ஒருவர் சதம் அடித்தால் அவருடைய மாமி வீட்டு மதில் தன் சாச்சாவின் வளவோடு ஒட்டியது என்பார், பாடகி ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் அதற்குக் கசாயம் சொல்லிக் கொடுத்ததே தாம்தான் என்று, பிளேன்டீ ஆறிப்போவதையும் கவனியாமல், உங்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொல்லி முடிப்பார். பிரபலங்கள் எல்லாரும் இவருக்கு 'அவன்', 'இவன்'. மரியாதையெல்லாம் நம்மைப் போன்ற அந்நியருக்குத்தான்.

ஏறாவூரில் பிடவைக்கடை வைத்திருக்கும் ஹமீட் காக்கா இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய மூலதனம் ஒரேயொரு புகைப்படம். நான்கு வருடங்களுக்கு முன் கட்டாரில் தொழில் செய்யும் செல்வந்தர் ஒருவர் ஊரில் மகளுக்குக் கல்யாணம் செய்தபோது, இந்தியாவிலிருந்து நடிகர் மகிழ்வேந்தனைக் கூட்டி வந்தார். மனுஷன் மேசை கதிரையெல்லாம் வேண்டாம் என்று பாயில் இறங்கி, நம் வழக்கப்படி சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து, ஊராரோடு ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிட்டார். படத்தில் நடிகர் சிரிக்கிறார். ஓரத்தில், வெள்ளி மோதிரம் போட்ட ஒரு கை இறைச்சித் துண்டொன்றை அவர் பக்கம் தள்ளுகிறது. முகம் இல்லை. கை மட்டும்.

"அது என்ட கை" என்பார் காக்கா. வலது கையை நீட்டுவார். மோதிரம் மின்னும். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, காசு மேசைக்கு மேலே மாட்டி, அந்த ஒரு கையைக் காட்டியே கல்யாண வீடுகளில் முன்வரிசையும் கூட்டங்களில் பொன்னாடையும் பெற்றுவந்தார்.

அவர் மட்டுமா? ஆறு பேர் உட்கார்ந்த அந்தச் சஹனில் தாமும் சாப்பிட்டதாகச் சொல்கிறவர்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேர். அத்தனை பேரும் கை வைத்த தட்டில் நடிகருக்கும் ஒரு வாய் மிஞ்சியது அல்லாஹ்வின் பரக்கத்துத்தான்.

போன வருடம் இந்தியாவில், மலைக்காட்டில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது மகிழ்வேந்தனைக் கொள்ளைக்காரர் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே முதலமைச்சரின் நாற்காலி ஆடியது, மந்திரி ஒருவர் பதவி விலகினார், எதிர்க்கட்சி பஸ்களைக் கொளுத்தியது. இங்கே ஹமீட் காக்கா கடை வாசலில் கதிரை போட்டார். "அவன் பயப்படுற ஆள் இல்ல, என்னட்டச் சொல்லியிரிக்கான்" என்று தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். கண்ணீர் மட்டும் இரண்டாந்தரம் எடுத்தபோதுதான் வந்தது.

எட்டாம் நாள் காட்டிலிருந்து தகவல் வந்தது. அரசியல்வாதி வேண்டாம், பொலிஸ் வேண்டாம், நடிகரோடு ஒரே தட்டில் சோறு தின்றவன் எவனாவது தூது வரட்டும். அப்படித் தின்றவன் காட்டிக்கொடுக்கமாட்டான் என்பது கொள்ளைக்காரரின் சட்டமாம்.

இரண்டு தேர்தல்களில் தோற்று மூன்றாவதற்கு ஆயத்தமாக இருந்த கட்சி அமைப்பாளர் ஹலீமுக்கு இதைவிட என்ன வேண்டும்? அரை மணித்தியாலத்தில் பத்திரிகைக்காரரைக் கூட்டிவிட்டார். "இந்தியாவால ஏலாததை ஏறாவூர் செய்யும். நம்மட ஹமீட் காக்கா நாளைக்குக் காட்டுக்குப் போறார்!" என்று மாலை போட்டு, விமான டிக்கட்டையும் கையில் திணித்தார். டிக்கட்டை நான் வாங்கிப் பார்த்தேன். போவதற்கு மட்டும்.

மற்ற அறுபத்தொரு பேரும் எங்கே? ஒருவருக்குக் கல்யாணத்தன்று வயிற்றோட்டமாம். ஒருவர் பக்கத்துச் சஹனாம். இன்னொருவர் இறைச்சியே தொடுவதில்லையாம், அதுவும் நேற்றிலிருந்து.

ஹமீட் காக்கா வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுந்தார். ஆறுதல் சொல்லப் போன என்னை வைத்துக்கொண்டே மனைவி நஸீபா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளை வெட்டுற காட்டுக்குப் போகப்போறீங்களா?"

"போகாட்டி ஊருக்குள்ள எந்த முகத்தோட நடக்கிற?"

"படத்துல உங்கட முகமே இல்லையே! அந்த மோதிரம் காத்தான்குடில எப்ப வாங்கின? கல்யாணம் முடிஞ்சி மூணு கிழமைக்குப் பிறகு. நீங்க அண்டைக்குக் கை கழுவத் தண்ணி ஊத்திக்கிட்டு நிண்டீங்க. போய் உள்ளதச் சொல்லுங்க."

"சொன்னா மானம் போகும் நஸீபா."

"சொல்லாட்டி உசிர் போகும். மானம் போன மாப்பிள்ளையோட நான் குடும்பம் நடத்துவன். மௌத்தான மாப்பிள்ளையோட நடத்தேலா."

மறுநாள் காலை வழியனுப்புக் கூட்டம். காக்கா மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். பாவம், எனக்கே மனம் பொறுக்கவில்லை.

"அது... என்ட கை இல்ல."

ஹலீமின் முகத்தில் மூன்றாவது தோல்வி தெரிந்தது. "அப்ப யாருட கை?" என்று கத்தினார்.

"என்ட கை" என்றபடி ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்து கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் கட்டும் இக்னேஷியஸ். விரலில் அதே மோதிரம், தேய்ந்து போய் இருந்தது. "அண்டைக்கு மைக் பூட்டிட்டு நிண்டன். ஒரு ஆள் குறையுது, வாங்க எண்டு நடிகர்தான் கூப்பிட்டவர்."

"மூணு வருஷமா ஏன் சொல்லல்ல?" என்று காக்கா அழாக்குறையாகக் கேட்டார்.

"சோறு திண்டதுல சொல்றதுக்கு என்ன காக்கா இரிக்கி? நல்ல மனுஷன். இறைச்சிய என்ட பக்கம் தள்ளினவர், நான் திருப்பித் தள்ளினன். டிக்கட்டை என்ட பேருக்கு மாத்தித் தாங்க, போயிட்டு வாறன்."

போனார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, நடிகரைக் கொள்ளைக்காரர் விட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. வந்த வழியே பஸ்ஸில் திரும்பி, அடுத்த நாள் தேற்றாத்தீவில் ஒரு விழாவுக்கு மைக் கட்டினார். அன்று பின்னேரமே அறுபத்தொரு பேரும் சஹனுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். ஹலீம் போஸ்டர் அடித்தார். ஹமீட் காக்கா? வாசலில் மறுபடியும் கதிரை. "இக்னேஷியஸ அனுப்பி வெச்சதே நான்தானே!" உள்ளேயிருந்து நஸீபா இருமியது எனக்குக் கேட்டது.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது உங்கள் போனைத் திறந்து, ஏதோ ஒரு பிரபலத்தின் தோளுக்குப் பின்னால் உங்கள் அரைக் காது தெரியும் அந்தப் படத்தை எடுங்கள். அதை அடுத்த ஆளுக்குக் காட்டுமுன், காட்டிலிருந்து ஆள் கேட்டால் போவீர்களா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எனக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த நடிகரையும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இக்னேஷியஸ் இருக்கிறானே, அவன் நம்மட ஆள்தான். நேற்றும் கோல் எடுத்தான்.