நடு நாற்காலி

பத்திரிகைக்காரர்கள் வர மூன்று மணி நேரம் இருக்கும்போது, நடிகை பியோ மிரன் தொலைபேசியில் அழைத்து மிக மரியாதையாகப் பேசினார். அந்த அம்மாள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தார் மான்சு.

மான்சு படக் கம்பெனியின் விளம்பரப் பிரிவு ஆள், வயது நாற்பத்தைந்து. சினிமாக்காரர்களின் சுங்முரோ தெருவில் பத்தொன்பது வருஷமாக எல்லோருக்கும் குனிந்து வணங்கி வணங்கி, கடைசியில் இடுப்புக்குப் பட்டை போட்டுக்கொண்டவர். இன்றைய சிறப்புக் காட்சிக்காக இயக்குநர், கதாநாயகன், கதாநாயகி மூவரின் திரைவாழ்க்கையையும் ஒரே தாளில் எழுதி முந்நூறு பிரதி அச்சடித்து வைத்திருந்தார். கதாநாயகன் குக் தேசிக், கதாநாயகி பியோ மிரன் இருவருக்குமே முதல் படம் 1987 என்று இருந்தது. தேசிக்கின் பெயர் மேலே இருந்தது. அங்கேதான் வந்தது வினை.

"தாள் வந்துச்சு. எனக்கு மார்ச், அவருக்கு அக்டோபர்," என்றார் மிரன். "சும்மா ஞாபகப்படுத்தினேன். காலையிலேர்ந்து லேசா தலைவலி வேற. வர முடியுதான்னு பாக்கறேன்."

இந்தத் தொழிலில் வயதெல்லாம் அப்புறம். யார் முதலில் கேமரா முன்னால் நின்றாரோ அவரே சீனியர். முதல் வணக்கம் அவருக்கு, மேடையில் நடு நாற்காலியும் அவருக்கு. மூன்றில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால், நாளைய செய்தி படத்தைப் பற்றி இருக்காது, நாற்காலியைப் பற்றித்தான் இருக்கும். நாலு வருஷப் பாடு ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போய்விடும். அப்படி நடந்தால் ஆபீஸ் பக்கமே வரவேண்டாம் என்று முதலாளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டார்.

மான்சு உட்கார்ந்து முந்நூறு தாளிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, மிரன் பெயரை மேலே ஏற்றினார். தலைவலி உடனே குணமாகி அவர் தியேட்டருக்குக் கிளம்பிவிட்டார். மான்சு கையிலிருந்த பசையைத் துடைக்கும் முன்பே, தேசிக் ஒப்பனை அறைக்குள் வந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"எண்பத்தஞ்சுல நான் பொணமா நடிச்சேனே, அது கணக்குல வராதா?"

"அண்ணே, பொணம்னா..."

"என்ன பொணம்னா? கொட்டற மழையில ரெண்டு மணி நேரம் மூச்ச அடக்கிட்டுக் கிடந்தேன். பேர் கீழ இருந்தா நான் வீட்டுக்குப் போறேன், தம்பி. என்னை யாரும் தடுக்க வேணாம்."

அவரை யாரும் தடுக்கவில்லை, அவரும் போகவில்லை. அதற்குள் மிரன் வந்து, எதிரே உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். பசி வேளையில் பேசினால் இப்படித்தான் ஆகும் என்று மான்சுவுக்குத் தோன்றியது. பின்சந்தில் ஐம்பது வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தும் தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, நாலு பேருக்குக் கிம்பாப் சோற்றுச் சுருள் கொண்டுவரச் சொன்னார். அப்புறம்தான் அந்த யோசனை உதித்தது. இருவர் பெயருக்கும் மேலே இயக்குநர் பெயரைப் போட்டு, நடுவில் அவரையே உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது.

இயக்குநர் வி ஜோங்ஹக் மூவரிலும் இளையவர். படப்பிடிப்பு நடந்த நாலு வருஷமும் இருவரையும் "சீனியர், சீனியர்" என்று வாய் ஓயாமல் அழைத்தவர். அவர் கூச்சப்பட்டு மறுப்பார், கெஞ்சிச் சம்மதிக்க வைக்கலாம் என்பது மான்சுவின் கணக்கு. ஜோங்ஹக் மறுக்கவில்லை. தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது.

"நியாயம் இப்பதான் கெடச்சிருக்கு," என்றார். "எண்பத்தஞ்சுல அந்த மழைக்குத் தண்ணிக் குழாய் பிடிச்சவன் நான்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு வந்து பிடிச்சேன். பொணம் விழறதுக்கு முன்னாடியே மழை ஆரம்பிச்சிடுச்சு, தேசிக் சார்."

தேசிக் அப்படியே திகைத்துப்போனார். "நீ கேமராவுக்குப் பின்னாடிதானேப்பா நின்னே?"

"ஓரத்துல என் கை தெரியும். மணிக்கட்டு வரைக்கும்."

நாலு வருஷமாகத் தன் முன் குனிந்த மனிதன் மனசுக்குள் இப்படி ஒரு மணிக்கட்டை வைத்துக்கொண்டா குனிந்தான் என்று தேசிக் நாற்காலியில் சரிந்தார். மான்சு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு சீனியரைச் சமாதானப்படுத்தப் போய், இப்போது மூன்று சீனியர்கள். பத்திரிகைக்காரர்கள் வாசலில் வந்து இறங்கும் சத்தம் வேறு கேட்டது.

மிரன் கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சந்தைக் கூட்டத்தில் ஒரு பத்து வயதுப் பெண் ஓடுகிறாள். அவள் முதுகில் பூப்போட்ட துணியால் கட்டிய கைக்குழந்தை, வாயைப் பிளந்து அழுகிறது. ஓரத்தில் 1979 என்று எழுதியிருந்தது.

"ஷூட்டிங்ல ஓடறது நான்தான். நானா சொன்னா நல்லா இருக்காதுன்னுதான் இத்தனை வருஷமா பைக்குள்ளயே வெச்சிருந்தேன்."

தேசிக் முதலில் எழுந்து குனிந்தார். ஜோங்ஹக் மணிக்கட்டைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு குனிந்தார். மான்சு எல்லோரையும்விடத் தாழ்வாகக் குனிந்தார். இடுப்புப் பட்டை கிறீச்சிட்டது. நடு நாற்காலி மிரன் அக்காவுக்குத்தான், இனி பேச்சில்லை. வேலை தப்பியது என்று அவருக்கு அழுகையே வந்தது.

அப்போதுதான் அம்மா கிம்பாப் தட்டுடன் உள்ளே வந்தார். தட்டை வைக்க இடம் தேடியவர், புகைப்படத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இது நான் தெச்ச துணியாச்சே," என்றார். "அப்போ நம்ம கடைக்கு எதிர்லதான் ஷூட்டிங். கைக்குழந்தை ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. இவனைத்தான் தூக்கிக் குடுத்தேன்."

மூன்று தலைகள் ஒரே நேரத்தில் மான்சு பக்கம் திரும்பின. மிரன் புகைப்படத்துக் குழந்தையின் வாயையும், பிளந்து நின்ற மான்சுவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, நீ சும்மா இரு," என்றார் மான்சு அவசரமாக. "அக்கா முதுகுலதானே நான் இருந்தேன்? அப்ப அக்காதான் சீனியர்."

அம்மா தட்டின் துணியை விலக்கிக்கொண்டே சொன்னார்:

"அது எப்படிடா? அந்தப் பொண்ணு மறுநாள்தானே வந்தா. மொத நாள் பூரா நீ ஒருத்தன்தான் நடிச்சே."